அத்தை இன்னும் அத்தைதான்

விவாகரத்துத் தீர்ப்பு வந்து மூன்று வாரம் இருக்கும். காலை ஆறரை மணிக்கு புகுந்த வீட்டிலிருந்து போன் வந்தது. அத்தை.

"ஏம்மா, இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை காலையிலயா, ராத்திரியிலயா?"

"ராத்திரி அத்தை. சாப்பிட்டப்புறம்."

"சரிம்மா" என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆறரை மணிக்கு யார் சாப்பிட்டிருப்பார்கள்? "சாப்பிட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு அழுதேன். கோர்ட்டில் அழவில்லை, அன்றைக்குத்தான் அழுதேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1999இல். லால்குடி பக்கத்தில் ஒரு கிராமம், கூட்டுக் குடும்பம். அத்தை, மாமா, கொழுந்தன் குடும்பம் எல்லாரும் ஒரே வீட்டில். தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணி, அதாவது பிள்ளைகளின் அப்பாவுக்கு அக்கா, மாதம் ஒருமுறை வந்துபோவார். 2020 தொடக்கத்தில் நானும் பிள்ளைகளின் அப்பாவும் பிரிந்து, நான் பிள்ளைகளோடு திருச்சிக்கு வந்துவிட்டேன். 2021 ஜூலையில் பரஸ்பர சம்மதத்தில் மனு போட்டோம். ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் அந்த மனுவே போட முடியும். போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, காத்திருந்தோம். ஏன் பிரிந்தோம் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிரிந்த பிறகு அந்த வீட்டு மனிதர்களோடு எப்படி இருப்பது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். இன்னொருத்திக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கூப்பிடும் முறை. "இனிமே அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று அலுவலகத்தில் ஒரு பெண் கேட்டாள். எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அப்பாவின் தங்கையும் அத்தைதான், மாமாவின் மனைவியும் அத்தைதான், தெருவில் ஒரு வயதான அம்மாவையும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறோம். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்த சொல் அது. அதனால் அத்தை அத்தையாகவே இருந்தார், மாமா மாமாவாகவே இருந்தார். கொழுந்தன் மனைவி, என் ஓர்ப்படி, என்னை 'அக்கா' என்றே கூப்பிட்டாள். சிக்கல் எல்லாம் 'மருமகள்' என்ற சொல்லில்தான். மூன்றாம் மனிதர் முன்னால் என்னை யாரென்று சொல்வது? அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, "என் பேத்தியோட அம்மா" என்றார். அதில் பொய் இல்லை, யாருக்கும் வலியும் இல்லை. நானும் அவரை இப்போது 'பிள்ளைகளின் அப்பா' என்றுதான் சொல்கிறேன்.

என் தோழி ஒருத்தி சொந்த அத்தை மகனையே கட்டியிருந்தாள். அவள் கதை வேறு. விவாகரத்து ஆனதும் அவளுக்கு மாமியார் மட்டும் போகவில்லை, அவள் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கையும் போய்விட்டார். உறவுக்குள் கட்டியவர்கள் இரண்டு மடங்கு நிதானமாக இருக்க வேண்டும்.

இனி நான் செய்த பெரிய தப்பு. பிரிந்த முதல் ஆறு மாதம் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எனக்கு நாத்தனார் மாதிரி இருந்ததே இல்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் பக்கத்தில் இருந்தவர். அதனால் என் பக்கம் நியாயம் சொல்வார் என்று நம்பினேன். ராத்திரி பதினோரு மணி வரை போன். அவரும் கேட்டார், அழுதார். ஒருநாள், "நீங்களே உங்க தம்பிகிட்ட சொல்லுங்க அண்ணி, தப்பு யார் பேர்லன்னு" என்று கேட்டுவிட்டேன். அடுத்த நாளிலிருந்து அவர் போன் எடுக்கவில்லை. நான் சொன்னதில் பாதி வேறு உருவத்தில் சொந்தக்காரர்கள் வாய் வழியாக எனக்கே திரும்பி வந்தது.

ரொம்ப நாள் அண்ணிமேல் கோபமாக இருந்தேன். இப்போது யோசித்தால், தப்பு என் பக்கம்தான். கூடப்பிறந்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னேன். என் அண்ணனைப் பற்றி யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் மட்டும் சொல்லியிருப்பேனா? அவர்களுக்கு உங்கள்மேல் எத்தனை பாசம் இருந்தாலும், பெற்றதற்கும் கூடப்பிறந்ததற்கும் எதிராக அதை நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். அந்த வீட்டார் யாரிடமும் அவரைப் பற்றி நல்லதும் பேசமாட்டேன், கெட்டதும் பேசமாட்டேன். அத்தை ஆரம்பித்தால், "அதை விடுங்க அத்தை, முட்டி வலி எப்படி இருக்கு?" என்பேன். முதல் நாலைந்து தடவை அவருக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் அவரே ஆரம்பிப்பதில்லை.

மாத்திரை போனுக்கு வருகிறேன். அந்தப் போனுக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் நான் மருமகளாக மட்டும் இருக்கவில்லை. மாத்திரை டப்பா என் பொறுப்பு. மாமாவின் சர்க்கரை அளவு எழுதும் நோட்டு, கரண்ட் பில், கேஸ் புக்கிங், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் வந்தது, நாம் எவ்வளவு திருப்பிச் செய்யணும் என்ற கணக்கு, எல்லாம் என் தலைக்குள். தாலி கழன்றாலும் இதெல்லாம் கழலவில்லை. இதை யாரிடமும் ஒப்படைக்காமல் நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் ஒவ்வொரு போனும் உதவி கேட்கிற போனாகவே இருந்தது. அதில் பாசம் எவ்வளவு, வேலை எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அட்டையின் நிறம், எப்போது, எத்தனை, எந்த டாக்டர், எந்தக் கிழமை. எந்த மருந்து மாமாவுக்கு ஒத்துக்கொள்ளாது. மின் இணைப்பு எண், கேஸ் நம்பர், மொய்க் கணக்கு. பதினாலு பக்கம் வந்தது. அதை அத்தையிடம் கொடுக்கவில்லை. ஓர்ப்படியை திருச்சிக்கு வரச் சொல்லி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் பயந்தாள். "நீங்களே பாத்துக்கிட்டா என்னக்கா?" என்றாள். "நான் வந்து பாப்பேன். ஆனா பாத்துக்கிறது இனி நீதான்" என்றேன். அதற்குப் பிறகு அத்தையின் போன்களில் மாத்திரை குறைந்தது, பேச்சு கூடியது. நான் இன்றைக்கு யாருக்கும் சொல்லும் முதல் யோசனை இதுதான்: பொறுப்பை முறையாக ஒப்படையுங்கள். அது முடிந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் உண்மையான உறவு.

காகிதத்தில் இருக்கும் பொறுப்புகளும் இதில் சேர்த்தி. என் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் அத்தை, மாமா பெயரைச் சேர்த்திருந்தேன். எங்கள் பாலிசியின் விதிப்படி தீர்ப்பு வந்ததும் அவர்கள் அதில் இருக்க முடியாது. புதுப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அப்போது அது நாலு வருஷம் வரை இருந்தது, 2024இல் அதிகபட்சம் மூன்று என்று குறைத்திருக்கிறார்கள். அதனால் மனு போட்ட மாதமே கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன்: "தம்பி, இத்தனாம் தேதி வரைக்கும்தான் இது இருக்கும், அதுக்குள்ள வேற எடுங்க." அவர் எடுத்தார். சொல்லாமல் விட்டு நடுவில் ஏதாவது ஆகியிருந்தால், அதற்கு அப்புறம் அந்த வீட்டு வாசலில் என்னால் நின்றிருக்க முடியாது.

இன்னொன்று, ஜாமீன். கொழுந்தன் டிராக்டர் வாங்கியபோது கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். கல்யாணம் முடிந்தால் ஜாமீனும் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு; கடன் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டு வேறு ஆளை மாற்றினால்தான் நம் பெயர் போகும். கொழுந்தன் நல்ல மனிதர்தான். ஆனால் மாற்றுவதற்குள் பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதமும் தவணை தேதி வந்தால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டால் அவருக்குச் சங்கடம், கேட்காவிட்டால் எனக்குப் பயம். அந்த வீட்டில் யாருக்காவது கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ப்புக்கு முன்னாடியே எடுத்துப் பாருங்கள். எல்.ஐ.சி. பாலிசியையும் பாருங்கள். பிள்ளைகள் மைனராக இருந்தபோது பணத்தை வாங்கி வைத்துக்கொடுக்கும் ஆளாகக் கொழுந்தன் பெயரைக் கொடுத்திருந்தேன், அது எனக்கே மறந்துபோயிருந்தது.

அப்புறம் பாத்திரம். பெரிய விஷயம் என்று நான் நினைக்காத ஒன்றுதான் என்னை ரொம்ப ஆட்டிவைத்தது. சீர் பாத்திரங்கள் பரணில் இருந்தன. ஓர்ப்படி ஏணி வைத்து ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, நான் கீழே நின்று பேர் படித்தேன். எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் அப்பா பேரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அடுத்தது அத்தை பேர். அடுத்தது என் பேர், அவர் பேர், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பூ. அப்பா பேர் போட்டதை எடுத்துக்கொண்டேன், அத்தை பேர் போட்டதை வைத்துவிட்டேன். இரண்டு பேர் போட்ட தூக்குவாளியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓர்ப்படி ஒன்றும் பேசாமல் அதை அரிசி அளக்க எடுத்து வைத்துக்கொண்டாள்.

நகை விஷயத்தில் சட்டம் தெளிவு. பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் முழுக்க அவளுக்கே சொந்தம், புருஷன் வீட்டார் வைத்திருந்தாலும் அது ஒப்படைத்து வைத்த பொருள்தான் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தை எனக்குப் போட்ட காசுமாலையும் என்னுடையதுதான் என்று வக்கீல் சொன்னார். ஆனால் அது அத்தைக்கு அவர் மாமியார் போட்டது. நான் அத்தை கையில் திருப்பிக் கொடுத்தேன், பேத்திக்குப் போட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்து. அதை வாய்ப்பேச்சாக விடாமல் சமரசப் பத்திரத்தில் ஒரு வரியாகவும் எழுதச் சொன்னேன். எல்லாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். கையில் காசில்லாமல் வெளியே வரும் பெண், தன் நகையில் ஒரு குந்துமணியைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. எனக்கு வேலை இருந்தது, அதனால் முடிந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றுதான். அவர்களைத் தூது அனுப்பாதீர்கள். "பாட்டிகிட்ட சொல்லு", "சித்தப்பாகிட்ட கேளு" என்று நான் ஒரு தடவை ஆரம்பித்தபோது, "நீயே பேசும்மா, எனக்கு அங்க பேத்தியா மட்டும் இருக்கணும்" என்று மகள் சொன்னாள். அதோடு நிறுத்திவிட்டேன்.

குலதெய்வம்தான் எனக்குப் பதில் கிடைக்காத கேள்வியாக இருந்தது. கல்யாணமானதும் புகுந்த வீட்டுச் சாமிதான் நம் சாமி என்றார்கள். இருபது வருஷம் அந்தச் சாமிக்குத்தான் பொங்கல் வைத்தேன், பிள்ளைகளுக்கு அங்கேதான் மொட்டை போட்டுக் காது குத்தினோம். இப்போது எது என் சாமி? அண்ணன் எங்கள் அப்பா வழிக் கோயிலுக்கு வரச் சொன்னான், போனேன். ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. அத்தையிடமே கேட்டேன். "சாமிக்கு யார் தீர்ப்பு எழுதுறது? நீ வா" என்றார். போகிறேன், ஆனால் மகா சிவராத்திரிக்கு இல்லை. அன்றைக்குப் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், அவரும் வருவார். சும்மா ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போவேன். கூட்டம் இருக்காது. ஒரு மாலை, ஒரு சூடம்.

2023இல் மாமா இறந்துபோனார். கொழுந்தன்தான் விடிகாலை போன் செய்தார். "அண்ணி, அப்பா போயிட்டாரு" என்று மட்டும் சொன்னார். வரவா என்று நான் கேட்கவில்லை, வாங்க என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அண்ணி என்ற அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

அண்ணன் உடனே கேட்டான், "கோடி எடுக்கணுமா?" எங்கள் பக்கத்தில் மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து கோடி, அதாவது இறந்தவருக்குப் போர்த்தும் புதுத்துணி, வர வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் சம்பந்தி முறையை நாங்களே திரும்பக் கோருகிற மாதிரி. வெறுங்கையோடு போனால் இருபது வருஷம் சோறு போட்ட மனிதருக்கு மரியாதை இல்லை. அம்மாதான் முடிவு சொன்னார்: "கோடி வேண்டாம். பெரிய மாலையா ஒண்ணு வாங்கு." மாலை யார் வேண்டுமானாலும் போடலாம். போட்டோம்.

பெண்கள் கூட்டத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திண்ணை ஓரத்தில் நின்றேன். யாரோ ஒரு கிழவி என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். உள்ளேயிருந்து அண்ணி எழுந்து வந்தார். மூன்று வருஷமாகப் பேசாதவர். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய்விட்டார். அத்தை என் மடியில் சாய்ந்துகொண்டார். என் மகன் தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடித்தான், கை நடுங்கியது. அவன் அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு மகன்களுக்கு மாமனார் வீட்டிலிருந்து வேட்டி எடுத்து, உருமால் என்கிற தலைப்பாகை கட்ட வேண்டும். கொழுந்தனுக்கு ஓர்ப்படி வீட்டார் கட்டுவார்கள், மூத்தவருக்குக் கட்ட வேண்டியது என் அண்ணன். ஒரு பங்காளி வந்து, "ஊருக்காகவாவது கட்டச் சொல்லும்மா" என்று கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டான், நானும் வற்புறுத்தவில்லை. தாய்மாமன் வீட்டார் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். துக்கத்துக்குப் போவது மனுஷத்தனம். முறை செய்வது உறவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தது அன்றைக்கு எல்லாரையும் காப்பாற்றியது.

"இனி அவங்கள நீ எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. "மருமகள்னா கடைசி வரைக்கும் பாக்கணும்" என்பவர்களும் உண்டு. சட்டத்தைச் சொன்னால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்று மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தியைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். மருமகளையும் சேர்க்க 2019இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆக, விவாகரத்துக்கு முன்னாடியே எனக்கு அந்தச் சட்டத்தில் கடமை இல்லை. நான் போவது என் விருப்பத்தில். அது தெரிந்த பிறகு போவது லேசாக இருக்கிறது. முடியாத மாதம் போகாமல் இருப்பதும் லேசாக இருக்கிறது.

சொத்து. இதில் மட்டும் பாசத்தை உள்ளே விடாதீர்கள். மாமா உயில் எழுதவில்லை. அவர் சுயமாகச் சம்பாதித்த வீடு அத்தை, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பேருக்குச் சமபங்கு. மகன் உயிரோடு இருக்கும்போது அதில் பேரப்பிள்ளைகளுக்கு நேரடிப் பங்கு இல்லை. பரம்பரைச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறு, அதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். அத்தை ஒருநாள் ரகசியமாக, "என் பங்கைப் பேத்திக்கு எழுதிடுறேன், நீ ஏற்பாடு பண்ணு" என்றார். என் மகளுக்கு நல்லதுதான். ஆனாலும் மறுத்துவிட்டேன். "எழுதுறதா இருந்தா உங்க பிள்ளைங்க மூணு பேருக்கும் தெரிய எழுதுங்க அத்தை. என்னைக் கூப்பிடாதீங்க" என்றேன். உயிலுக்கு இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது என்று மட்டும் சொன்னேன். எழுதினாரா என்று இதுவரை கேட்கவில்லை.

எல்லாரும் திரும்ப வருவார்கள் என்று நினைக்காதீர்கள். மாமாவின் தம்பி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முன்பெல்லாம் நானே போய்ப் பேசப் பார்ப்பேன். இப்போது வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அந்த வீட்டில் எனக்கு ஒரே உறவு இருந்ததில்லை, ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. சிலது நின்றது, சிலது போனது. அண்ணி இப்போது தீபாவளிக்கு போன் செய்கிறார். ஐந்து நிமிஷம், பலகாரம் பற்றி மட்டும்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னல் பலகையில் அந்த நோட்டு இருந்தது. அட்டை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள் ஓர்ப்படி. மாமா பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு. அத்தை பக்கத்தில் என் கையெழுத்தில் பாதி மாத்திரைகள் அடிபட்டு, அதற்குக் கீழே ஓர்ப்படியின் சாய்ந்த எழுத்தில் புதிதாக மூன்று. அதில் ஒன்றுக்கு நேரம் எழுதவில்லை.

"இது காலையிலயாக்கா, ராத்திரியிலயா?" என்று கேட்டாள்.

பேனா என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. டாக்டர் சீட்டை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் எழுதிக்கொண்டாள்.